களிமண் தட்டுச் சுடுதல்: முதன்முதலாகத் துப்பாக்கி ஏந்தும் பெண்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

வானில் வீசப்படும் களிமண் தட்டை ஷாட்கன்னால் (ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கியால்) சுட்டு உடைக்கும் விளையாட்டைப் பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம். பதில் அளிப்பவர், புதியவர்களுக்கு ஷாட்கன் பயிற்சி தரும் பயிற்சியாளர்.

இல்லத்தரசி, கே.கே. நகர், மதுரை: என் கணவரின் நண்பர்கள் குடும்பத்தோடு ஷாட்கன் சுடுதளத்துக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் துப்பாக்கி உதைத்துப் பெண்கள் பின்னால் சாய்ந்து விழுவதைக் கைபேசிக் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். தோள் கன்றிப்போகும் என்றும் சொல்கிறார்கள். எனக்கோ சிறிய உடல்வாகு. நான் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நீங்கள் பார்த்த காணொளிகளில் தவறு செய்தவர் விழுந்த பெண் அல்லர். அவர் கையில் அந்தத் துப்பாக்கியை அந்த நிலையில் கொடுத்து, விழுவார் என்று தெரிந்தே படம் பிடித்தவர். மறுபடி பார்க்க நேர்ந்தால் அந்தப் பெண்ணின் பாதங்களைக் கவனியுங்கள். இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இருக்கும், எடை குதிகாலில் இருக்கும், இடுப்புக்கு மேலே உடல் பின்னோக்கி வளைந்திருக்கும். மூன்று, மூன்றரை கிலோ எடையுள்ள ஒரு பொருளை உடலுக்கு வெளியே நீட்டிப் பிடிக்கும் எவருக்கும், சொல்லித்தரப்படாவிட்டால், முதுகு தானாகவே பின்னால் வளையும். அந்த நிலையில் சுட்டால் ஆணும் தடுமாறுவார்.

வலது தோளில் வைத்துச் சுடுபவர் இடது பாதத்தைச் சற்று முன்னே வைத்து, முன்காலில் எடையைக் கொண்டுவந்து, மூக்கின் நுனி முன்பாதத்தின் விரல்களுக்கு நேரே வருமளவு மெல்ல முன்சாய வேண்டும். துப்பாக்கிக் கட்டையின், அதாவது தோளில் வைக்கும் பின்பகுதியின், முனை மேற்கையில் பதியக் கூடாது. காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உட்புறமாக ஒரு குழி இருக்கிறதே, அங்கே இறுக்கமாகப் பதிய வேண்டும். கன்னம் கட்டையோடு ஒட்டியிருக்க வேண்டும். உதை என்னவோ வரத்தான் செய்யும். ஆனால் இறுக்கமாகப் பதிந்திருந்தால் அது உடல் முழுவதும் பரவி ஒரு தள்ளலாகத் தெரியும். விரலளவு இடைவெளி விட்டிருந்தால் அடியாக விழும். தோள் கன்றுவதற்குப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காரணம்.

இரண்டாவது காரணம், பொருந்தாத துப்பாக்கி. சுடுதளங்களில் கிடைக்கும் பெரும்பாலான துப்பாக்கிகளின் கட்டை சராசரி ஆணின் கை நீளத்துக்கும் கழுத்து உயரத்துக்கும் ஏற்பச் செய்யப்பட்டது. அடுத்தவர் அளவுக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்குவது எப்படியோ, அப்படித்தான் நீளக் கட்டையோடு நிற்பதும். கட்டையின் கீழ்முனை மார்பின் மேற்பகுதியில் குத்தினாலோ, கன்னத்தைப் பதிக்கக் கழுத்தை வெகுதூரம் நீட்ட வேண்டியிருந்தாலோ, தோட்டா போடுவதற்கு முன்பே, "இது எனக்குப் பொருந்தவில்லை, குட்டைக் கட்டை உண்டா?" என்று கேளுங்கள். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

"பெண்தானே, எடை குறைந்த 20 போர் கொடுங்கள்" என்று சிலர் அக்கறையோடு சொல்வார்கள். போர் (bore) என்பது குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும். தோட்டா அதே வலுவுடையதாக இருந்தால் எடை குறைந்த துப்பாக்கிதான் அதிகமாக உதைக்கும். ஒலிம்பிக் போட்டியிலேயே ஒரு தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் ரவை இருக்கக் கூடாது என்பது விதி. முதல் நாளில் 21 கிராம் தோட்டா கிடைத்தால் அதைப் போட்டு, தாங்கக்கூடிய அளவுக்கு எடையுள்ள 12 போர் துப்பாக்கியில் சுடுவதே மென்மையானது.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுரிதார் போதும், துப்பட்டாவை எடுத்து வைத்துவிடுங்கள். கழுத்து மூடிய மேலாடையும் முன்பக்கம் மூடிய காலணியும் தேவை. கட்டை பதியும் குழியில் தாலிச் சங்கிலியோ உள்ளாடைப் பட்டியின் கொக்கியோ கிடந்தால், ஒவ்வோர் உதைக்கும் அந்த உலோகம் எலும்பின் மேல் அழுந்தி, மாலையில் அதே வடிவத்தில் கன்றிய தழும்பு தெரியும். சங்கிலியை இடப்பக்கமாகத் தள்ளி ஓர் ஊக்கால் குத்திக்கொண்டால் போதும்; அதைக் கழற்றச் சொல்லி யாரும் வற்புறுத்தத் தேவையில்லை. ஜிமிக்கியைக் கழற்றித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது காதுக் கவசத்தை முழுமையாக மூடவிடாது. 12 போர் வெடிச்சத்தம் 150 டெசிபல் அளவுக்குச் செல்லும். 140ஐத் தாண்டிய சத்தம் ஒரே முறையில்கூடக் கேட்கும் திறனைக் கெடுத்துவிடும். ஆகவே காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் கவசமுமாக இரண்டையும் அணியுங்கள். உடைந்த தட்டின் சில்லுகள் காற்றில் திரும்பி வருவதுண்டு என்பதால், கண்ணாடி இல்லாமல் வேடிக்கை பார்க்கக்கூட நிற்காதீர்கள்.

ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். அதை முதல் நாளே முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பத்தாவது தட்டிலேயே கை நடுங்கத் தொடங்கினால் துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து வைத்துவிட்டு வந்து அமருங்கள். "இன்னும் ஒன்றே ஒன்று" என்று கணவர் சொன்னாலும் அது உங்கள் தோள்.

கல்லூரி மாணவி, திருமங்கலம்: என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டிருக்கிறேன். நன்றாகவே சுடுவேன் என்று சொல்வார்கள். ஷாட்கன்னுக்கு அது உதவுமா?

பாதுகாப்புப் பழக்கம் முழுவதுமாக உதவும். சுடும் பழக்கம் பாதி இடைஞ்சல் செய்யும். ரைபிளில் மூச்சை நிறுத்தி, குறியை நிலைநிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்தக் கற்றிருப்பீர்கள். இங்கே தட்டு நிற்பதில்லை. தட்டு சுடுபவரைவிட்டு விலகிப் பறக்கும் ட்ராப் போட்டியில் அது 76 மீட்டர் தொலைவு பறக்கும்படி இயந்திரத்தை அமைக்கிறார்கள், அதை உடைக்க உங்களுக்குக் கிடைப்பது ஒரு நொடி, ஒன்றரை நொடிதான். குழல் முனையிலுள்ள மணியைப் பார்த்துக் குறிவைக்கத் தொடங்கினால் குழல் நின்றுவிடும், தட்டு போய்விடும். இரண்டு கண்களையும் திறந்து தட்டை மட்டும் பாருங்கள். இடுப்பிலிருந்து உடல் திரும்பட்டும், துப்பாக்கி அதோடு வரும். சுட்ட பின்னும் அந்த ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்.

இரண்டு கண்களைத் திறப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் இரு கண்களில் ஒன்று மற்றதைவிட ஆளுமை மிக்கது. வலக்கைப் பழக்கமுள்ள பெண்களில் இடக்கண் ஆளுமை உடையவர்களைப் பயிற்சியாளர்கள் அடிக்கடி பார்க்கிறோம். இரு உள்ளங்கைகளையும் முன்னே நீட்டி, கட்டைவிரல்களுக்கு மேலே ஒரு சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தொலைவில் உள்ள ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். பிறகு இடக்கண்ணை மூடுங்கள். கம்பம் இடைவெளியிலேயே நின்றால் உங்களுக்கு வலக்கண் ஆளுமை, மறைந்துவிட்டால் இடக்கண். இடக்கண் ஆளுமையோடு வலது தோளில் வைத்துச் சுட்டால், எவ்வளவு முயன்றாலும் ரவை தட்டுக்கு இடப்புறமாகவே போகும். காரணம் தெரியாமல், "எனக்கு வராது" என்று விட்டுவிட்டுப் போனவர்கள் பலர். கண்ணாடியின் இடப்பக்க வில்லையில், கண்மணிக்கு நேராக, சிறு துண்டு ஒளிபுகா ஒட்டுநாடாவை ஒட்டினாலே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். இன்னும் எந்தப் பழக்கமும் ஊறாதவர் என்றால் இடது தோளுக்கே மாறிவிடலாம்.

சுடுதள நிர்வாகி, மதுரை: எங்கள் உறுப்பினர்களின் குடும்பப் பெண்களுக்காக ஒரு காலைப் பயிற்சி நடத்த விரும்புகிறோம். பெரும்பாலோர் துப்பாக்கியை அருகில்கூடப் பார்க்காதவர்கள். என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

முதலில், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். ஆண்கள் மட்டுமே வந்துபோகும் இடங்களில் அது பெரும்பாலும் வேலை செய்வதில்லை, தண்ணீரும் வருவதில்லை. அங்கே அரை நாள் நிற்கும்படி ஒரு பெண்ணை அழைப்பது மரியாதையல்ல. சித்திரை, வைகாசியில் நடத்துவதானால் காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் தட்டு எழும்பியும் அமிழ்ந்தும் பறக்கும்; பழகியவர்களே திணறுவார்கள் என்பதால் அந்த மாதத்தைப் புதியவர்களுக்கு ஒதுக்காதீர்கள்.

சுடும் இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், அவர் அருகில் ஒரு பயிற்சியாளர்தான். கணவர், அண்ணன், மாமனார் எல்லோரும் சுடும் கோட்டுக்குப் பின்னால் நாற்காலியில் அமரட்டும். அவர்கள் அங்கிருந்து யோசனை சொல்லக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். காதுக் கவசத்துக்குள் பயிற்சியாளரின் சொல்லே பாதிதான் கேட்கும். அதற்கு நடுவில் மூன்று பேர் கத்தினால், யார் பேசுகிறார்கள் என்று பார்க்க அந்தப் பெண் திரும்புவார், குழலும் அவரோடு திரும்பும். நான் கண்ட அபாயமான தருணங்களில் மிகுதியானவை இப்படி அன்போடு கூப்பிட்டதால் நேர்ந்தவை.

மேலும் கீழுமாக இரு குழல்கள் அமைந்த, நடுவில் மடிந்து திறக்கும் துப்பாக்கியையே புதியவர் கையில் கொடுங்கள். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கி உதையைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது தொலைவிலிருந்து தெரியாது. மடிந்து திறந்த துப்பாக்கியில் அது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். சுடும் இடத்துக்கு வெளியே எல்லாத் துப்பாக்கிகளும் திறந்தே இருக்க வேண்டும். சுடும் இடத்திலும் முதல் சில தட்டுகளுக்கு ஒரே ஒரு தோட்டாதான். முதல் சுடுதலின் அதிர்ச்சியில் விரல் மறுபடி விசையை அழுத்துவதும், "உடைந்துவிட்டது!" என்ற மகிழ்ச்சியில் துப்பாக்கியோடு பின்னால் திரும்புவதும் புதியவர்களின் இயல்பு, இரண்டாவது தோட்டா உள்ளே இல்லையென்றால் அது வெறும் மகிழ்ச்சியாகவே முடியும்.

20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது. 12 போர் குழலில் 20 போர் தோட்டாவைத் தவறுதலாகப் போட்டால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். குழல் காலியாகத் தோன்றும். அதன்மேல் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலைத் தட்டுப் பறக்கும் திசையிலேயே பிடித்தபடி முப்பது நொடி பொறுத்துத் திறக்க வேண்டும். வழக்கத்தைவிடச் சத்தம் மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்தி, குழலுக்குள் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா.

தொடுவதைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நிற்கும் நிலையையும் கட்டை பதியும் இடத்தையும் பயிற்சியாளர் தம் உடலிலேயே காட்டலாம். முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதும். திருத்தியே ஆக வேண்டும் என்றால், "கட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கலாமா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு துப்பாக்கியைத் தொட வேண்டும், ஆளை அல்ல. பின்னால் நின்று இரு கைகளாலும் அணைத்தாற்போல் பிடித்துக் கற்றுக்கொடுப்பது பயிற்சியே அல்ல, பாதுகாப்பும் அல்ல. குழல் திரும்பாமல் காக்க வேண்டிய அவசர நேரத்தில் மட்டும் கேட்காமல் குழலைப் பிடிக்கலாம். அதையும் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டால் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

முதல் தட்டு நேரே எதிரில், மெதுவாக, சுடுபவரைவிட்டு விலகிச் செல்லட்டும். அதற்குக் கணக்குப் போட்டு முன்னால் சுட வேண்டியதில்லை. பார்த்துச் சுட்டாலே உடையும். "புல்" (Pull) என்று குரல் கொடுத்தால் தட்டு வரும். பல தளங்களில் ஒலிவாங்கி அந்தக் குரலைக் கேட்டு இயந்திரத்தை இயக்குகிறது. சத்தமாகப் பேசாதே என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கேட்டு வளர்ந்தவரின் முதல் "புல்" அந்த ஒலிவாங்கிக்கு எட்டாது. தட்டு வராமல் போக, பின்னால் யாராவது சிரிக்க, அவர் அடுத்த முறை துப்பாக்கியைத் தூக்கும்போதே குறுகிப்போவார். ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஒருவர் கையால் பொத்தானை அழுத்தட்டும். குரல் நான்காவது, ஐந்தாவது தட்டில் தானாக எழும்.

தவறிய தட்டுக்கு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள், ஐந்து அல்ல. பரிசு, போட்டி எதுவும் அன்று வேண்டாம். அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவரை, "சும்மா ஒரு தடவை" என்று இழுக்கக் கூடாது. நண்பர்களோடு வந்தவர் முந்தைய இரவு விருந்தில் குடித்திருந்தால், அவர் யார் வீட்டு விருந்தாளியாக இருந்தாலும், துப்பாக்கி அவர் கைக்குப் போகக் கூடாது.

வாசகர், மேலூர்: என்னிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. எங்கள் தோட்டத்திலேயே தட்டை வீசி மனைவிக்கும் தங்கைக்கும் கற்றுக்கொடுக்கலாமா?

கூடாது. உங்கள் துப்பாக்கி எந்த நோக்கத்துக்காக உரிமம் பெற்றதோ அந்த நோக்கத்துக்கு மட்டுமே உரியது. உரிமம் இல்லாத ஒருவர் கையில் அதைக் கொடுத்துச் சுடச் சொல்வது உங்களையும் அவரையும் ஒருசேரச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், தட்டுச் சுடும் சின்ன ரவை 200 மீட்டருக்கும் அப்பால் சென்று விழும். அதனால்தான் ஷாட்கன் தளங்களில் முன்னால் 300 மீட்டர் வரை ஆள் நடமாட்டமில்லாத நிலத்தை விடுகிறார்கள். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அந்த அளவு வெறும் நிலம் எங்கே இருக்கிறது? வரப்பில் ஆள் இருக்கும், ஆடு இருக்கும், மயிலும் இருக்கும். கற்பாறையில் பட்ட ரவை எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மனைவியையும் தங்கையையும் முறையான தளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கிளப்பின் பெயரில் உரிமம் பெற்ற துப்பாக்கி அங்கே இருக்கும்.

இளம் தாய், சிம்மக்கல், மதுரை: குழந்தைக்கு ஏழு மாதம். தாய்ப்பால் கொடுக்கிறேன். தோழிகள் அழைக்கிறார்கள். போகலாமா?

சில மாதங்கள் பொறுங்கள். ரவை ஈயத்தால் ஆனது. தோட்டா வெடிக்கும்போது நுண்ணிய ஈயத் துகள் கையிலும் உடையிலும் படியும், மூச்சோடும் போகும். அது தாய்ப்பாலில் கலக்கக்கூடியது. கருவுற்றிருப்பவர்களுக்கு இதோடு வெடிச்சத்தமும் சேர்ந்துகொள்கிறது: தாயின் காதை மூடலாம், வயிற்றை மூட முடியாது. மற்றவர்களும் சுடுதளத்தில் முறுக்கு, சுண்டல் என்று கொறிக்காமல், சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். அன்றைய உடையைக் குழந்தைத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. மாதவிடாய் நாளில் சுடலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். தாராளமாகச் சுடலாம்.

ஆசிரியை, உசிலம்பட்டி: ஆண்களுக்கு நிகராகப் பெண்களால் இதில் வர முடியாது என்கிறார் எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். என்ன பதில் சொல்வது?

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை நினைவுபடுத்துங்கள். இரு பக்கக் கோபுரங்களிலிருந்தும் தட்டுகள் குறுக்கே பறக்கும் ஸ்கீட் போட்டியில் அன்று ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே சுட்டார்கள். சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண், இறுதிச் சுற்றுக்கு முன் 200 தட்டுகளில் 200ஐயும் உடைத்து, மொத்தம் 225க்கு 223 எடுத்து, ஆண்கள் அனைவரையும் முந்தித் தங்கம் வென்றார். அடுத்த 1996 அட்லாண்டாவில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. வென்றவருக்குத் தம் பட்டத்தைக் காத்துக்கொள்ளவும் இடமில்லை. 2000 சிட்னியில்தான் பெண்களுக்கென்று ட்ராப்பும் ஸ்கீட்டும் வந்தன. அதன் பிறகும் நெடுநாள் பெண்களுக்கு 75 தட்டுகள், ஆண்களுக்கு 125 என்றே இருந்தது. 2018 முதல்தான் இருவருக்கும் 125.

நம் நாட்டவரைப் பார்த்தால், 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஷ்ரேயசி சிங், தட்டுகள் இரண்டிரண்டாகப் பறக்கும் டபுள் ட்ராப்பில் தங்கம் வென்றார். 2021 டெல்லி உலகக் கோப்பையில் கனேமத் செக்கோன் ஸ்கீட்டில் வெண்கலம் வென்றார். ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் ஆண்கள் ட்ராப் அணி தங்கம் வாங்கியபோது பெண்கள் அணி வெள்ளி வாங்கியது. அந்த ஆண்கள் அணியில் இருந்த பிருத்விராஜ் தொண்டைமான் உங்களுக்கு வெகு தொலைவில்லாத புதுக்கோட்டைக்காரர். பாரிஸ் 2024இல் மகேஸ்வரி சவுகான், அனந்த்ஜீத் சிங் நருக்காவோடு சேர்ந்து கலப்பு ஸ்கீட்டில் வெண்கலத்தை ஒரே ஒரு தட்டில் தவறவிட்டார். உடற்கல்வி ஆசிரியரின் கருத்து மாறாவிட்டால் அவரையும் ஒரு நாள் தளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு சுற்று சுட்டுவிட்டுப் பேசட்டும்.

தாய், திருப்பரங்குன்றம்: பதினேழு வயது மகள் ஷாட்கன் கற்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். உரிமம் வாங்க வேண்டுமா?

இப்போது வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆனால் அதே சட்டம், விதித்த வயதை எட்டியவர் பயிற்சியின்போது, விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் துப்பாக்கியைப் பயன்படுத்த இடம் தருகிறது. அந்த வயது வரம்பு துப்பாக்கியின் வகையைப் பொறுத்து மாறக்கூடும் என்பதால், சேர்க்கப் போகும் கிளப்பில் அதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். பிறகு சொந்த உரிமம் தேவைப்படும்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், மாநகர எல்லைக்குள் குடியிருந்தால் காவல் ஆணையர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றிதழும் அப்போது கேட்கப்படும்.

அதுவரை 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஓராண்டு பழகட்டும். குறிபார்க்கும் முறை வேறுதான் என்றாலும், விரலை விசைக்கு வெளியே வைக்கும் பழக்கமும் குழலைத் திருப்பாத பழக்கமும் அதில் ஊறிவிடும். கிளப்பில் சேர்க்குமுன் நீங்களே ஒரு காலை நேரம் போய், அங்கே சுடும் பெண்கள் இருக்கிறார்களா, பயிற்சியாளர் அவர்களிடம் எப்படிப் பேசுகிறார், கோட்டுக்குப் பின்னால் துப்பாக்கிகள் திறந்தே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.